1960-களின் அணுகுண்டுத் தூசை மண்ணில் அளக்க கைகர் கவுண்டர் போதுமா?

மண்வெட்டி:
வளிமண்டலச் சோதனைகளின் சீசியம்-137 இன்னும் மண்ணில் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கைகர் கவுண்டர் மேய்ச்சல் நிலத்திலும் சிமெண்டுத் தரையிலும் ஒரே அளவுதான் காட்டுகிறது, மணிக்கு 0.12 மைக்ரோ சீவர்ட். சீசியத்தை மட்டும் பிரித்து அளக்க, கதிர்களை ஆற்றல்வாரியாகக் காட்டும் 2 அங்குல சோடியம் அயோடைடு படிகம் போதுமா?

கதிரெண்ணி:
கைகர் கதிர்களை எண்ணும், எதிலிருந்து வந்தவை என்று சொல்லாது. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு. 1963-இல் விழுந்ததில் கால்பங்குகூட இப்போது மிச்சமில்லை. பல இடங்களில் கிலோவுக்குச் சில பெக்கரல்தான் தேறும் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு அணுச் சிதைவு). அதே மண்ணில் பொட்டாசியம்-40 மட்டுமே சராசரியாக 400 பெக்கரல். (மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் முள் எகிறினால் அது மோனசைட் மணலில் உள்ள தோரியம், குண்டுத் தூசு அல்ல.)

சோடியம் அயோடைடிலும் ஒரு பொறி இருக்கிறது. சீசியத்தின் பீக், அதாவது ஆற்றல் வரைபடத்தில் அதன் கதிர் எழுப்பும் முகடு, 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் வரும். நல்ல படிகத்தின் பிரிதிறன் 7 சதவீதம், அதாவது பீக்கின் அகலம் அதே அலகில் 46. மண்ணில் இயல்பாகவே உள்ள ரேடியத்தின் வழிவந்த பிஸ்மத்-214 வெறும் 53 தள்ளி, 609-இல் நிற்கிறது. போதாக்குறைக்கு அதற்கு 665-இலும் ஒரு சின்னக் கோடு உண்டு. 3 பெக்கரல் மண்ணில் நீங்கள் "சீசியம்" என்று படிப்பது பெரும்பாலும் பிஸ்மத் பீக்கின் ஓரச் சரிவுதான். ஜெர்மானியம் டிடெக்டருக்கு அகலம் 1.5 சொச்சம், அதனால் 665-உம் தனியாக விலகி நிற்கும்.

1 கிலோ மாதிரி, 3 பெக்கரல், டிடெக்டர் திறன் 2 சதவீதம் (நூறு கதிர்களில் இரண்டைத்தான் பதிவுசெய்யும்) என்று வையுங்கள். நூற்றுக்கு 85 சிதைவுகளில்தான் 662 வரும். ஒரு நாள் முழுக்க எண்ணினால் சுமார் 4,400 எண்ணிக்கை. ஒரு மணி நேரம் எண்ணிவிட்டு "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

சல்லடை:
டிடெக்டரை விட மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 1950-களிலிருந்து உழாத, சரிவில்லாத புல்வெளி வேண்டும். மரத்தடியும் கூரைத் தாழ்வாரமும் கூடாது, மழைநீர் அங்கே சேர்ந்து படிவை ஏற்றிக் காட்டும்.

மாதிரி எடுக்கும் குழாயை மண்ணுக்குள் 30 செ.மீ. இறக்கி, உள்ளே வரும் மண்ணை 2 செ.மீ. வில்லைகளாக வெட்டுங்கள். இறங்கும்போது மேல்மண் குழாயின் ஓரமாகக் கீழே இழுபடும். அதனால் ஒவ்வொரு வில்லையின் வெளி விளிம்பையும் சீவி எறியுங்கள், கீழிருந்து மேலாக வெட்டுங்கள், கத்தியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து நிறுக்க வேண்டும். சீவியபின் மிஞ்சிய வில்லையின் பரப்பைக் குறித்து வைக்காவிட்டால் சதுர மீட்டருக்கு எத்தனை பெக்கரல் என்று சொல்லவே முடியாது.

மண்வெட்டி:
மேல் 5 செ.மீ. மட்டும் எடுத்தால்?

சல்லடை:
சீசியம் களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும். உழாத நிலத்தில் பெரும்பகுதி மேல் 10-15 செ.மீ.க்குள் இருக்கும். 5-உடன் நிறுத்தினால் எவ்வளவு விட்டுப்போனது என்றே தெரியாது. உழுத நிலமென்றால் கலப்பை ஆழம் முழுக்கச் சீராகக் கலந்திருக்கும்.

கதிரெண்ணி:
ஐரோப்பிய மண் என்றால் செர்னோபில் சீசியமும் சேர்ந்திருக்கும். அதன் அடையாளமான சீசியம்-134-க்கு அரை ஆயுள் 2 ஆண்டுதான், இப்போது தேடிப் பயனில்லை. புளூட்டோனியம் 240-க்கும் 239-க்கும் உள்ள அணு விகிதம் பாருங்கள்: சோதனைத் தூசில் 0.18 அளவு, செர்னோபிலில் சுமார் 0.4. அதற்கு மண்ணைக் கரைத்து, பிரித்து, நிறைமாலைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) ஏற்ற வேண்டும். ஜெர்மானியம் டிடெக்டர் அங்கே உதவாது.