கப்பல் பயணத்துக்கு என்னென்ன கட்டலாம்?

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் லீவில் காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறோம். திருச்சியில் விமானம், சிங்கப்பூரில் கப்பல், அங்கிருந்து பினாங்கு, புக்கெட். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு அனுப்புவார்களாம். அதனால் பாஸ்போர்ட், பிரஷர் மாத்திரை, பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில். அது சரி.

சிக்கல் அப்பத்தாதான். மணகோலமும் சீப்புச் சீடையும் இரண்டு சம்படம் நிறைய அடைத்து, மூடியைத் துணியால் கட்டியும் வைத்துவிட்டார். வீட்டுப் பலகாரத்தைப் பெரும்பாலான கப்பல்களில் விடமாட்டார்கள் என்றால், "நம்ம ஆளுக கப்பல்ல பர்மா போனப்ப யாரு தடுத்தா?" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக வாங்கினால் விடுகிறார்களா? போனவர்கள் சொல்லுங்கள்.

அயர்ன் பாக்ஸ், கெட்டிலுக்கும் தடையாம். அப்பச்சி கசங்கிய வேட்டியோடு சாப்பிட வரமாட்டார். துணி தேய்த்துத் தர எவ்வளவு வாங்குகிறார்கள்? ஒருநாள் இரவு விருந்துக்கு கோட்டுதான் போட வேண்டுமா, பட்டு வேட்டி சட்டை போதுமா?

அப்புறம், பிள்ளைகளுக்குக் கடல் தலைசுற்றலுக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். கப்பல் ஏறும் முன்பே கொடுத்துவிட்டீர்களா?