புது வீட்டில் எந்தக் குழாய் வேலையை நாமே செய்யலாம், எதற்கு ப்ளம்பரைக் கூப்பிட வேண்டும்?

மேடவாக்கம்_புதுவீடு:

சென்னை மேடவாக்கம் பக்கம் தரைத்தளமும் முதல் தளமும் உள்ள தனி வீடு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. எட்டு வருடக் கட்டடம். போர் தண்ணீர்தான், சம்ப்பில் விட்டு மொட்டை மாடி டேங்க்குக்கு ஏற்றுகிறோம். இப்போது இருக்கும் பிரச்சினைகள்:

சமையலறை சிங்க் டேப் மூடினாலும் சொட்டுகிறது. மாடி டாய்லெட்டில் ஃப்ளஷ் டேங்க்கிலிருந்து கோப்பைக்குள் தண்ணீர் ஓயாமல் கசிகிறது. மாடி ஷவரில் நூல் மாதிரிதான் தண்ணீர். கீழ் பாத்ரூமில் காலையில் கதவைத் திறந்தாலே சாக்கடை நாற்றம். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே ஹால் சுவரில் ஈரத் திட்டு, பெயின்ட் உப்புகிறது. கீசர் வால்விலும் சொட்டு.

இதில் எதை நாமே தொடலாம்? எதைத் தொடவே கூடாது? வீட்டில் என்னென்ன சாமான் வாங்கி வைக்க வேண்டும்?

கால்சுற்று:

டேப்பைத் தொடுவதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போங்கள். டேங்க்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனிலும் ஒரு வால்வு இருக்கும். ஒவ்வொன்றாக மூடி, எந்த அறையில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, மார்க்கரால் பக்கத்திலேயே எழுதுங்கள். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்றால் அது பால் வால்வு. வட்டச் சக்கரம் வைத்தது கேட் வால்வு. போர் தண்ணீர் உப்பில் கேட் வால்வு இறுகிப் போயிருக்கும். அதைப் பலம் கொண்ட மட்டும் திருகாதீர்கள். உள்ளே தண்டு முறிந்தால் சக்கரம் மட்டும் சுற்றும், தண்ணீர் நிற்காது. லேசாக முன்னும் பின்னும் அசைத்தும் வரவில்லை என்றால், அதை எடுத்துவிட்டு பால் வால்வு போடுவதுதான் ப்ளம்பருக்கு நீங்கள் தர வேண்டிய முதல் வேலை. டேங்க் கழுவும் நாளில் கூப்பிட்டால் தண்ணீர் வீணாகாது.

மற்றதற்கெல்லாம் என் கணக்கு இதுதான்: தண்ணீரை நிறுத்த முடிந்து, சுவருக்கு வெளியே, மரை போட்டுக் கழற்றும் இடமாக இருந்தால் நீங்களே செய்யலாம். பசை போட்டு ஒட்டிய இடம், சுவருக்குள் போன இடம், கரன்ட் சேர்ந்த இடம் என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும்.

சிங்க் டேப்: கால் சுற்றில் திறந்து மூடும் டேப் என்றால் உள்ளே இருப்பது செராமிக் ஸ்பிண்டில். பல சுற்று சுற்ற வேண்டியதென்றால் ரப்பர் வாஷர். லைன் வால்வை மூடிவிட்டு டேப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணி அடைத்துவிடுங்கள், திருகாணி விழுந்தால் தேட வேண்டாம். கைப்பிடி மேல் உள்ள சின்ன மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பிண்டிலை இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். டேப் கம்பெனி பெயர் மட்டும் சொல்லி வாங்கினால் தப்பாகத்தான் வரும். உயரமும், தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும், திறக்கும் திசையும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புதியதைப் போடும் முன் டேப் உள்பக்கம் ஒட்டியிருக்கும் உப்பைத் துணியால் துடைத்தெடுங்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலும் செராமிக் வட்டில் கீறல் விழும், மறுபடி சொட்டும்.

ஃப்ளஷ் டேங்க்: பாகம் வாங்குவதற்கு முன் எது கெட்டது என்று தெரிய வேண்டும். மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஆங்கிள் காக்கை (டேங்க்குக்குத் தண்ணீர் வரும் சுவர் வால்வு) மூடி அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அடியில் உள்ள ஃப்ளஷ் வால்வின் ரப்பர் சீல் சரியாக உட்காரவில்லை. இறங்காமல் நின்று, காக்கைத் திறந்ததும் நடுவில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழிந்தால் மிதவை வால்வு அடைக்கவில்லை. சீல் என்றால் கழற்றி, உப்பைத் தேய்த்துக் கழுவி, விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். மிதவை என்றால் முதலில் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும்.

சாமான்: 10 அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப் (மரையில் சுற்றும் வெள்ளை நாடா) நாலு ரோல், அரை அங்குல வாஷர் ஒரு பாக்கெட், ஒரு கனெக்ஷன் ட்யூப், அரை அங்குல எண்ட் ப்ளக் இரண்டு. எண்ட் ப்ளக் முக்கியம். ராத்திரி டேப் உடைந்தால் கழற்றிவிட்டு அதைத் திருகிவிடலாம், மற்ற அறைகளுக்குத் தண்ணீர் வரும்.

பழைய_ஜிஐ:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் 'மரை இருந்தால் நீங்களே செய்யலாம்' என்பதை இதைப் படிக்கும் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி இடங்களில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு உள்ளே இன்னும் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கலாம். அதில் மரைதான் முதலில் துருப்பிடித்து மெலியும். டேப்பைத் திருகும்போது டேப் வராமல் சுவருக்குள் இருக்கும் குழாயின் மரை ஒடிந்து வரும். சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் குழாயில் காந்தம் ஒட்டினால் ஜிஐ. அந்த வீட்டில் டேப்புக்குள் இருக்கும் வாஷரை மாற்றுங்கள், டேப்பையே கழற்றாதீர்கள்.

சிபிவிசி (பிளாஸ்டிக் குழாய்) லைனிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டைல்ஸ் கனத்துக்காக டேப்புக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டிருப்பார்கள். டேப்போடு சேர்ந்து அது பாதியில் முறிந்து உள்ளே தங்கினால் எடுக்கத் தனிக் கருவி வேண்டும். கழற்றும்போது கறகறவென்று இறுக்கமாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஷவருக்கு வருகிறேன். முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். நன்றாக வந்தால் தலையில் உப்பு. வினிகரில் நாலு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டாம், குரோமியப் பூச்சு உரிந்துவிடும். வெந்நீர் மட்டும் குறைவு என்றால் கீசருக்குள் போகும் வழியில் உப்பு. ஒரு பாத்ரூம் முழுக்கக் குறைவு என்றால் அந்த லைன் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது, அல்லது டேங்க் கழுவிய பிறகு காற்று அடைத்திருக்கிறது.

இதெல்லாம் இல்லாமலும் மாடியில் குறைவாக வரும், அது பழுது இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம். டேங்க் அடி மொட்டை மாடித் தளத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், ஷவர் தரையிலிருந்து 2.1 மீட்டர், தளத்துக்குத் தளம் 3.1 மீட்டர் என்றால், நடுவில் கிடைப்பது இரண்டரை மீட்டர்தான். அதாவது கால் கிலோ. அகலமான ரெயின் ஷவருக்கு அது போதாது. சின்ன தலை ஷவர் மாற்றுங்கள், அல்லது ப்ரஷர் பம்ப் போடுங்கள். பம்ப் வைப்பது ப்ளம்பர் வேலை. அதுவரை அழுத்தமே பார்க்காத பழைய ஜாயின்ட்டுகள் அன்றைக்குத்தான் கசிய ஆரம்பிக்கும், எல்லா அறையையும் உடன் இருந்து பார்க்க வேண்டும்.

ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட் கை ஷவர்) பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெளியூர் போகும்போது அதன் ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் போங்கள். அந்த ட்யூப் எந்நேரமும் அழுத்தத்திலேயே இருக்கிறது. வெடித்தால் டேங்க் முழுவதும் பாத்ரூமில்தான்.

நீர்மட்டம்:

கீழ் பாத்ரூம் நாற்றம்: நானி ட்ராப்பில் (தரை வடிகால் ஓட்டையின் அடியில் உள்ள பாகம்) நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. அது காய்ந்தால் நாற்றம் வரும். ஜாலியைத் தூக்கி, உள்ளே கவிழ்த்திருக்கும் கிண்ணத்தை எடுத்து, முடியும் சோப்புக் கசடும் நீக்கி, திரும்ப வைத்து இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். பல வீடுகளில் அந்தக் கிண்ணமே காணாமல் போயிருக்கும். 'தண்ணீர் சீக்கிரம் போகட்டும்' என்று யாரோ எடுத்து எறிந்திருப்பார்கள். புதிதாக வாங்கிப் போடுங்கள். ஊற்றிய தண்ணீர் மறுநாளே காணவில்லை, மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே களக் களக் என்று சத்தம் என்றால், காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது போடவே இல்லை. அதற்குத்தான் ப்ளம்பர்.

அடைப்புக்கு ஆசிட் ஊற்றியிருந்தால் அதன் மேல் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. கீழ்த்தளத்தில் எல்லா வடிகாலும் ஒரே நேரத்தில் எதுக்களித்தால் அடைப்பு வீட்டுக்குள் இல்லை, சேம்பரிலோ (வீட்டுக்கு வெளியே உள்ள சாக்கடைத் தொட்டி) தெரு லைனிலோ இருக்கிறது. சாக்கடை இணைப்பு உள்ள தெரு என்றால் மெட்ரோ வாட்டர் 1916-இல் புகார் பதியுங்கள். செப்டிக் டேங்க் என்றால் லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால் முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அஞ்சு நிமிஷ வேலை சார்' என்று ஆளே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் விஷவாயு கொல்கிறது.

ஈரத் திட்டு: இதை நீங்கள் சரிசெய்ய முடியாது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க முடியும். அதைச் செய்யாமல் ஆளைக் கூப்பிட்டால் டைல்ஸை உடைத்துத்தான் தேடுவார். ராத்திரி படுக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, ஆட்டோ கன்ட்ரோலரையும் அணைத்து, டேங்க்குக்குள் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். ஆறு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக்கூடாது. ஃப்ளஷ் டேங்க் ஆங்கிள் காக்கும் மூடியிருக்க வேண்டும், சமையலறை லைனும்தான், இல்லாவிட்டால் அந்தக் கசிவும் கணக்கில் வந்துவிடும். 1.1 மீட்டர் விட்டமுள்ள டேங்க்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது. மட்டம் இறங்கினால் சுவருக்குள் ஓடும் சப்ளை லைனில் கசிவு. இறங்கவில்லை என்றால் வடிகால் அல்லது டைல்ஸ் இடுக்கு.

பெரும்பாக்கம்_ஃப்ளாட்:

எங்களுக்கும் இதே மாதிரி சுவர் ஈரம். பில்டர் சாவி கொடுத்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ப்ளம்பரை வைத்து உடைத்துப் பார்க்கலாமா?

நீர்மட்டம்:

உடைக்காதீர்கள். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான திட்டம் என்றால், 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு உங்களுக்கு இருக்கிறது. ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் சொன்னது மட்டும் போதாது. நீங்கள் முதலில் உடைத்தால் 'உங்கள் ஆள்தான் கெடுத்தார்' என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

முப்பது_மில்லிஆம்ப்:

கீசர் சொட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். 15 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். அது வெளியேற வேண்டிய வழி அந்த வால்வுதான். அதில் ப்ளக் அடித்தாலோ எம்-சீல் வைத்தாலோ டேங்க் வெடிக்கலாம். ஒரு சின்ன ட்யூப் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். ஸ்விட்ச் போடாத நேரத்திலும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். எம்சிபியை (போர்டில் அந்த லைனின் கரன்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கிவிட்டு ப்ளம்பரே மாற்றலாம். காயில், தெர்மோஸ்டாட், எர்த் எல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை, ப்ளம்பரிடம் விடாதீர்கள். தண்ணீரில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்றால் அந்த நிமிடமே எம்சிபியை இறக்குங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சாதனம்) வீட்டில் இல்லையென்றால், டேப் வேலையைத் தொடங்கும் முன்பே போர்டில் அதைப் போடச் சொல்லுங்கள்.

சம்ப் கழுவ இறங்கும்போதும் மோட்டார் எம்சிபி இறங்கியிருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது.

மேடவாக்கம்_புதுவீடு:

டேங்க் சோதனை செய்தேன். மட்டம் இறங்கவே இல்லை. மாடியில் யாராவது குளித்த மறுநாள் திட்டு கூடுகிறது. டேப் சரியாகிவிட்டது, ஃப்ளஷ் டேங்க்கில் சீல்தான் கோளாறு, கழுவியதும் நின்றது. புது ஆங்கிள் காக் ஒன்று போட வேண்டும். டெஃப்லான் எத்தனை சுற்று?

கால்சுற்று:

மரையின் வாயைப் பார்த்தபடி கடிகார முள் திசையில், இழுத்துப் பிடித்து, அரை அங்குலத்துக்கு 10 சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்து வெளியே வந்துவிடும். கையால் இறுகும் வரை, பிறகு ஸ்பேனரால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று. காக் நேராக நிற்கவில்லை என்று பின்பக்கம் திருப்பாதீர்கள், கசியும். கழற்றி இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி மறுபடி போடுங்கள்.

நீர்மட்டம்:

அப்படியானால் சப்ளை லைன் நன்றாக இருக்கிறது. மாடி நானி ட்ராப்பை பிளாஸ்டிக் கவரில் துணி வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஃபுட் கலர் கலந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் டைல்ஸ் இடுக்கு அல்லது அடியில் உள்ள வாட்டர்ப்ரூஃபிங். முதலில் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி க்ரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பூச்சு) போட்டுப் பாருங்கள், அதுவே பல வீடுகளில் போதும். கூடவில்லை, அடைப்பை எடுத்துத் தண்ணீர் ஓடியதும்தான் கூடுகிறது என்றால் ட்ராப் ஜாயின்ட் அல்லது அதற்குக் கீழே போகும் வடிகால் குழாய். அப்போது ப்ளம்பரைக் கூப்பிட்டு, இந்த இரண்டு சோதனையின் முடிவையும் சொல்லி, ட்ராப்பைச் சுற்றி இரண்டு டைல்ஸ் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் பத்து வாளி தண்ணீர் ஊற்றி, நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.