வேலை போய்விட்டது, வீட்டுத் தவணை நிற்கவில்லை: விற்பதா, தாக்குப்பிடிப்பதா?

செங்காங் நாலறை
வணக்கம். வயது 46. தளவாட நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன், சம்பளம் 4,600 வெள்ளி. தீபாவளிக்கு முன்னால் ஆட்குறைப்பு. ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், அதில் பாதி கரைந்துவிட்டது. மனைவி பாலர் பள்ளியில் பகுதி நேரம், 1,300 வெள்ளி வரும். பிள்ளைகள் இருவர், பெரியவன் உயர்நிலை மூன்று.

வீடு, சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை. 2021இல் வட்டி குறைவு என்று வீவக கடனிலிருந்து வங்கிக் கடனுக்கு மாறினோம். தவணை 1,450 வெள்ளி. பாதி மசேநியில் (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடிக்கும் சேமிப்பு) போகும், பாதி ரொக்கம். போன மாதம் ரொக்கப் பகுதி கட்டவில்லை, வங்கியிலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்துவிட்டது. இது போக கடன் அட்டைகளில் 38,000 வெள்ளி நிற்கிறது.

சகலை சொல்கிறார்: "வங்கி ஏலம் விடுறதுக்குள்ள நீயே வித்துடு. கார்டை அடைச்சிட்டு வாடகைக்குப் போ." மனைவி முடியவே முடியாது என்கிறாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை
சகலை பேச்சைக் கேளுங்கள். நீங்கள் விற்றால் விலை பேச முடியும். வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலத்துக்குக் கொண்டுபோனால் அவர்களுக்கு வேண்டியது அவர்கள் கடன் மட்டும்தான். வக்கீல் கட்டணம், ஏலக் கட்டணம், தாமத வட்டி எல்லாம் உங்கள் தலையில் விழும். விற்ற தொகை போதாவிட்டால் மீதியையும் உங்களிடமே கேட்பார்கள்.

மறுவிற்பனை நினைத்தவுடன் முடிகிற காரியமும் இல்லை. வாங்குபவர் கிடைக்க வேண்டும், வாங்குவதா என்று முடிவு செய்ய அவருக்கு 21 நாள் கெடு, அப்புறம் வீவக விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகு இன்னும் சுமார் 8 வாரம். வக்கீல் கடிதம் வந்த பிறகு ஏஜெண்டைத் தேடினால் நேரம் போதாது.

கார்டு வட்டியையும் பாருங்கள். ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று வைத்தால் 38,000க்கு மாதம் 850 வெள்ளிக்கு மேல் வட்டி மட்டும். மனைவி சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே சரி.

ஈசூன் அக்கா
கணக்குப்பிள்ளை, இரண்டு கடனையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். வீட்டை அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு வீட்டின் மேல் உரிமை உண்டு. கார்டு வங்கிக்குக் கிடையாது. உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூரர் என்றால், கார்டுக் கடனுக்காக வீவக வீட்டைத் தொட முடியாது. திவாலானாலும் அந்த வீடு திவால் சொத்தைக் கவனிக்கும் அரசாங்க அதிகாரி கைக்குப் போகாது, மசேநியும் போகாது. கார்டுக்காரன் தினமும் போன் போட்டு மிரட்டுவான். அது காதுக்குத்தான் வலி.

ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? யார் அதிகம் சத்தம் போடுகிறானோ அவனுக்கு முதலில் கட்டுகிறோம். வீட்டு வங்கி மரியாதையாக ஒரு கடிதம் போடுகிறது, அதை டிவி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறோம். தம்பி, உங்களிடம் இருக்கும் ரொக்கம் முதலில் வீட்டுக்கு. அப்புறம் அரிசி, மின்கட்டணம், பிள்ளைகள். கார்டு கடைசி வரிசை.

தேக்கா தம்பி
அக்கா சொல்றது சரின்னா இவ்வளவு யோசனை எதுக்கு? திவால் ஆகிடுங்க அண்ணே. வீடும் போகாது, மசேநியும் போகாது. கதை முடிஞ்சுது.

கணக்குப்பிள்ளை
தம்பி, திவால் என்பது கார்டை வெட்டிக் குப்பையில் போடுவது மாதிரி இல்லை. அதிகாரி அனுமதி இல்லாமல் மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலம்கூடத் தாண்ட முடியாது. அடமான வங்கி அப்போதும் வீட்டுக்கு வரலாம், திவால் அதைத் தடுக்காது. 150,000 வெள்ளிக்கு மேற்படாத கடனுக்கு நீதிமன்றம் வழியாகத் தவணைத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதிகபட்சம் ஐந்தாண்டில் கட்டி முடிக்கலாம், திவால் பெயர் வராது. ஆனால் அதற்கும் மாத வருமானம் காட்ட வேண்டும். இவருக்கு இப்போது அது இல்லை.

அக்கா சொல்லும் "கார்டு கடைசி வரிசை" அங்கேதான் இடிக்கிறது. 15,000 வெள்ளி கடன் இருந்தாலே கார்டு வங்கி திவால் மனு போடலாம். இவருக்கு 38,000.

செங்காங் நாலறை
அம்மா தஞ்சாவூரில் படுக்கையில் இருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் திவால் பற்றி நினைக்கவில்லை.

மட்டுறுத்துநர்
மேலே "உடனடிக் கடன், வாட்ஸ்அப் செய்யவும்" என்று வந்த பதிவு நீக்கப்பட்டது. எண்ணைக் குறித்துவைத்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் பாய்
நீக்கியது நல்லது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் எவரும் வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ ஆள் பிடிக்கக் கூடாது, சட்டமே தடுக்கிறது. அப்படி வந்தாலே அது மோசடி, இல்லையென்றால் கடனைக் கேட்டுக் கதவில் சாயம் ஊற்றுகிற சட்டவிரோத வட்டிக் கூட்டம். உரிமம் பெற்றவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாதம் 4 விழுக்காடு வரை வட்டி, அதற்கு மேல் 10 விழுக்காடு வரை கட்டணம் பிடிக்கலாம். 5,000 கேட்டால் கையில் 4,500 வரும், வட்டி மட்டும் 5,000க்கு ஓடும்.

அவசரத்துக்கு ரொக்கம் வேண்டுமென்றால் அடகுக்கடை பரவாயில்லை. வட்டி மாதம் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் போக முடியாது, மீட்க ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் நகையை வைத்துக் கார்டைக் கட்டாதீர்கள். வீட்டுத் தவணையில் துண்டு விழுந்தால் மட்டும்.

ஈசூன் அக்கா
பாய் சொன்னது சரி. நகை யாருடையது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

விற்கிற கதைக்கு வருகிறேன். சகலை "வித்து கார்டை அடை" என்கிறார். விற்ற பணம் முழுதும் உங்கள் கைக்கா வரும்? முதலில் வங்கிக் கடன் போகும். அப்புறம் வீட்டுக்கு எடுத்த மசேநி, இரண்டரை விழுக்காடு வட்டியும் சேர்த்து உங்கள் கணக்குக்கே திரும்பும். அந்தப் பணத்தில் கார்டு கட்ட முடியாது. மிஞ்சுவதுதான் ரொக்கம். சிங்பாஸ் (அரசாங்க இணைய நுழைவு அடையாளம்) போட்டு மசேநி இணையத்தளத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பாருங்கள்.

செங்காங் நாலறை
பார்த்தேன். இருவருக்கும் சேர்த்து 290,000 மசேநிக்குத் திரும்ப வேண்டும். வங்கிக்கு 215,000. பக்கத்து புளோக்கில் போன மாதம் 600,000க்குப் போனது. ஏஜெண்ட், வக்கீல் போக 80,000 ரொக்கம் நிற்கும் போலிருக்கிறது. மசேநியில் வீட்டுக்கு எடுக்கக்கூடிய சாதாரணக் கணக்கில் இப்போது என்னிடம் 17,000, மனைவியிடம் 6,000.

கணக்குப்பிள்ளை
பார்த்தீர்களா? 80,000இல் 38,000 கார்டுக்கு. 42,000 கையில், கடன் பூஜ்யம். நிம்மதியாகத் தூங்கலாம்.

ஈசூன் அக்கா
எங்கே தூங்குவது? செங்காங்கில் நாலறை வாடகை கேட்டுப் பாருங்கள். 3,000 வெள்ளிக்குக் கீழே என் தங்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 42,000 பதினான்கு மாத வாடகை. இப்போது கட்டும் தவணை அதில் பாதிகூட இல்லை! அரசாங்க வாடகை வீடு கேட்கலாம் என்றால், வீட்டை விற்றவர் 30 மாதம் காத்திருக்க வேண்டும்.

அதோடு பாருங்கள், இருவர் சாதாரணக் கணக்கிலும் 23,000. தவணை முழுவதையும் மசேநியிலிருந்தே கட்டினாலும் 15 மாதம் வரும். மாதக் கழிவு எவ்வளவு என்று இணையத்திலேயே மாற்றலாம். உங்கள் வீடு இன்றைக்கு ஏலத்துக்குப் போகிற நிலையில் இல்லை தம்பி. ரொக்கப் பகுதி நின்றதால் வந்த கடிதம் அது.

கணக்குப்பிள்ளை
வாடகைக்கு ஏன் போக வேண்டும்? 290,000 மசேநி, கையில் 42,000. கடனே இல்லாமல் பழைய மூன்றறை வாங்கலாம். 330,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி 4,800 வெள்ளிதான். தவணை என்ற பேச்சே இருக்காது. 46 வயதில் சாதாரணக் கணக்கை வழித்துத் துடைத்து வைத்தால் 65இல் எதைச் சாப்பிடுவது?

ஈசூன் அக்கா
இந்தக் கேள்வி நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 330,000க்குக் கிடைக்கும் மூன்றறைக்குக் குத்தகை, அதாவது வீடு நம் பெயரில் இருக்கும் காலம், எவ்வளவு மிச்சம் இருக்கும்? வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை வராவிட்டால் மசேநியை முழுதாகப் பயன்படுத்த விடமாட்டார்கள். மீதியை ரொக்கமாகப் போட வேண்டும், ரொக்கம் 42,000தான். வேலை இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் தரும்? கையில் இருக்கிற கடனை விட்டுவிட்டால் அடுத்தது கிடைக்காது. அதனால்தான் விடாதீர்கள் என்கிறேன்.

பொங்கோல் கொண்டோ
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது கொண்டோ, தனியார் அடுக்குமாடி. கார்டுக்காரர்கள் தொட முடியாது என்பது எங்களுக்கும் பொருந்துமா?

கணக்குப்பிள்ளை
பொருந்தாது. அந்தப் பாதுகாப்பு வீவக வீட்டுக்குத்தான். தனியார் வீட்டை மற்றக் கடன் கொடுத்தவர்களும் நீதிமன்றம் வழியாகத் தொடலாம். உங்களுக்கு என் பதில் இன்னும் சுருக்கம்: விற்றுவிடுங்கள்.

தேக்கா தம்பி
அண்ணே, ஒரு அறையை வாடகைக்கு விடலாம்ல? நாலறைல மூணு படுக்கையறை இருக்கு.

செங்காங் நாலறை
மகளுக்கு பதின்மூன்று வயது. தெரியாத ஆள் ஒருவர் அதே குளியலறைக்கு வந்துபோவார் என்றால் மனைவி ஒத்துக்கொள்ளமாட்டாள். எனக்கும் பிடிக்கவில்லை.

ஈசூன் அக்கா
பெண் தாதிகள், மாணவிகள் கிடைப்பார்கள். வீவக அனுமதி எடுக்க வேண்டும், ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம். கட்டாயப்படுத்தவில்லை. வீட்டை விற்க வேண்டாம் என்று மனைவி சொன்னால் அந்தப் பேச்சோடு இதையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அப்புறம், வேலை தேடுவோருக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தீர்களா இல்லையா? 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. சராசரிச் சம்பளம் 5,000க்குள் இருந்து, தாமாக விலகாமல் வேலை இழந்தவருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் 1,500 வரை, பிறகு குறைந்துகொண்டே வரும். மாதா மாதம் வேலைக்கு விண்ணப்பித்தது, பயிற்சிக்குப் போனது என்று காட்ட வேண்டும். சம்பளம் 4,600 என்றால் பொருந்தும்.

செங்காங் நாலறை
அது தெரியாது அக்கா. இன்றே பார்க்கிறேன். அரசாங்க உதவி கேட்கும் சமூக சேவை அலுவலகத்துக்குப் போகத்தான் கூச்சமாக இருக்கிறது. அங்கே தெரிந்த முகம் இருந்துவிட்டால் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

புக்கிட் பாத்தோக் பாய்
தெரியட்டுமே. இருபது வருடம் மசேநி கட்டி, வரி கட்டி வாழ்ந்தவர் நீங்கள். தர்மம் கேட்டா போகிறீர்கள்? பிள்ளைகள் படிப்புக்கு பீட்டி ரோட்டில் சிண்டாவிடமும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) கேளுங்கள். யார் பேசினாலும் உங்கள் வீட்டுத் தவணையை அவர்கள் கட்டப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை
கார்டைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. கடைசி வரிசை என்றால் அது என்ன, காற்றில் போய்விடுமா?

ஈசூன் அக்கா
கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்று லாப நோக்கமில்லாத அமைப்பு 2004இலிருந்து இருக்கிறது. எல்லாக் கார்டு வங்கிகளிடமும் சேர்த்துப் பேசி, வட்டியைக் குறைத்து ஒரே தவணையாக்கப் பார்ப்பார்கள். வங்கிகள் சம்மதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தவணை கட்ட வருமானமும் வேண்டும், அதனால் வேலை கிடைத்த பிறகுதான் முழுப் பலன். ஆனால் இப்போதே போய் உட்கார்ந்து பேசலாம். அதற்குள் இரண்டு காரியம் செய்யாதீர்கள்: ஒரு கார்டிலிருந்து எடுத்து இன்னொன்றைக் கட்டாதீர்கள். கார்டுக் கடன் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியை எதிலும் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை
சரி. விற்பது இன்றைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் குறியுங்கள். சாதாரணக் கணக்கில் ஆறு மாதத் தவணைக்குத்தான் பணம் மிச்சம் என்று வரும் நாளில் வீட்டைச் சந்தையில் போட வேண்டும். விற்கவே மூன்று, நான்கு மாதம் ஆகும். இதை எழுதி மனைவியிடமும் கொடுங்கள். அக்கா மாதிரி "விடாதே விடாதே" என்று இருந்தால் கடைசியில் விற்கவும் நேரம் இருக்காது.

ஈசூன் அக்கா
ஆறு மாதம் அதிகம். நான்கு போதும்.

கணக்குப்பிள்ளை
நான்கில் வாங்குபவர் பின்வாங்கினால்? 21 நாள் கெடுவில் பின்வாங்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறுதான்.

செங்காங் நாலறை
சகலையிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன், மசேநி திரும்புவது அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். முழுத் தவணையும் மசேநிக்கு மாற்றுவதாகச் சொல்லலாமா, இல்லை வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்கவா?

கணக்குப்பிள்ளை
பாக்கியை முதலில் மசேநியிலிருந்து தீர்த்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் பேச்சுக்கு மதிப்பு. கடன் காலத்தை நீட்ட முடியுமா என்று கேளுங்கள், வட்டி மட்டும் கட்டுவது இரண்டாவது. ஆட்குறைப்புக் கடிதம், மனைவியின் சம்பளச் சீட்டு, மசேநி இருப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். "உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எண்ணைப் போடுங்கள். அந்த ஆறு மாத நாளையும் இங்கே பதிவிடுங்கள், நான் கேட்பேன்.

ஈசூன் அக்கா
நான்கு மாதம்.