புதுப்பிப்பு: அறுவடைத் தூசியும் போர்வெல் தண்ணீரும் கார் பெயின்ட்டும்

டீடெயிலிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுவது) முடிந்தபின் வாரம் ஒருமுறை இரண்டு வாளி (ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர்) வைத்துக் கழுவினால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். மன்னார்குடி பக்கம் சம்பா அறுவடை நேரத்துக்கு அது மட்டும் பத்தாது. நெல் உமியில் சிலிகா இருக்கிறது. அந்தத் தூசியோடு பானட்டை உலர்துணியால் துடைத்தால், வெயிலில் பார்க்கும்போது சிலந்திவலை மாதிரி கீறல் தெரியும். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள். நிழலில் ஷாம்பு நுரை 5 நிமிடம் ஊறட்டும், காயக்கூடாது. அப்புறம்தான் மைக்ரோஃபைபர் கையுறை, மேலிருந்து கீழாக.

உப்பு போர்வெல் தண்ணீரை (நாகப்பட்டினம் பக்கம் சொல்லவே வேண்டாம்) தானாகக் காயவிடாதீர்கள். வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, நன்றாக அலசுங்கள். வினிகர் வாக்ஸையும் கொண்டுபோய்விடும். அந்த இடத்தில் மறுபடி தடவணும். அதற்கும் போகாத புள்ளி கிளியர் கோட்டை (பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சை) அரித்துவிட்டது, பாலிஷ்தான் வழி.