விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகும் பழைய கம்பெனி பெயர் வருகிறது, உதவுங்கள்

திருமங்கலத்தான்:
தங்கச்சி காலேஜுக்காக மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் டெல் லேட்டிட்யூட் வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸில் என்னென்ன கிடக்குமோ என்று, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் (விண்டோஸ் போடும் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) இறக்கி பென்டிரைவில் ஏற்றி, எஃப்12 அழுத்தி பூட் செய்து, இருந்த பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டேன். ஒழுங்காகத்தான் போனது. வைஃபை கொடுத்ததும் ஏதோ ஒரு கம்பெனி பெயரைப் போட்டு வரவேற்று, ஆபீஸ் மெயிலும் பாஸ்வேர்டும் கேட்கிறது, அதற்கு மேல் நகரவில்லை. எஸ்எஸ்டியை மாற்றினால் சரியாகுமா?

மேலூர்க்காரன்:
பார்ட்டிஷனை அழித்தால் மட்டும் போதாது தம்பி. டிஸ்க்பார்ட்டில் (விண்டோஸில் டிஸ்க்கைக் கையாளும் கமாண்ட் கருவி) கிளீன் ஆல் கொடுத்து மறுபடி போடுங்கள்.

பழைய மதர்போர்டு:
அண்ணே, கோபிக்காதீர்கள், அது இதற்கு உதவாது. கிளீன் ஆல் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும், எஸ்எஸ்டிக்குத் தேய்மானம்தான் மிச்சம்.

தம்பி, இது விண்டோஸ் ஆட்டோபைலட். கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிந்து வைத்திருக்கும், நெட் கிடைத்ததும் விண்டோஸ் அங்கே கேட்டுப் பார்க்கும், பெயர் இருந்தால் இந்தத் திரைதான். பதிவு சர்வரில் இருக்கிறது, அதனால் எஸ்எஸ்டியை மாற்றி காசைக் கரைக்காதீர்கள். அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள் நீக்கினால்தான் போகும். நெட் இல்லாமல் லோக்கல் அக்கவுண்ட் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள்; அடுத்த தடவை ரீசெட் செய்யும்போது திரும்ப வந்து நிற்கும், அப்போது கடை வாரண்டியும் முடிந்திருக்கும். லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை வராது, ஆனால் காலேஜில் விண்டோஸ் மென்பொருள் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக்கை (டெல் ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் அடையாள எண்) படம் எடுத்துக்கொண்டு பில்லோடு கடைக்குப் போங்கள். ஒன்று பதிவை நீக்கி வாங்கித் தரட்டும், இல்லை வேறு மெஷின் தரட்டும். வேறு தந்தால் அங்கேயே உட்கார்ந்து ரீசெட் போட்டு, உங்கள் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, மெயில் கேட்கும் பக்கம் வரை பாருங்கள். எஃப்2 அழுத்தி பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) பாஸ்வேர்டு இருக்கிறதா, கம்ப்யூட்ரேஸ் (திருடு போனால் கண்டுபிடிக்க கம்பெனிகள் வைக்கும் கண்காணிப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அவசரப்படுத்துவார்கள், எழுந்துவிடாதீர்கள்.

திருமங்கலத்தான்:
நன்றி அண்ணே. முதலில் முணுமுணுத்தார், சர்வீஸ் டேக் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் வேறொன்று எடுத்துக் கொடுத்துவிட்டார். ரீசெட் போட்டதில் சாதாரண மைக்ரோசாஃப்ட் பக்கம்தான் வந்தது, பயாஸும் சுத்தம். வீட்டுக்கு வந்து பென்டிரைவில் புதிதாகப் போட்டேன், ஆனால் ஆக்டிவேட் ஆகவில்லை என்று காட்டுகிறது. கீ வாங்க வேண்டுமா?

பழைய மதர்போர்டு:
இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸில் ஹோம் பதிப்பு போட்டிருக்கிறீர்களா, ப்ரோ பதிப்பா? ஆபீஸ் மெஷினில் பெரும்பாலும் ப்ரோ லைசென்ஸ்தான் மதர்போர்டோடு இருக்கும். ப்ரோவை மறுபடி போட்டு நெட்டை இணையுங்கள், லைசென்ஸ் இருந்தால் தானாக எடுத்துக்கொள்ளும்.

திருமங்கலத்தான்:
ஹோம்தான் போட்டிருந்தேன். ப்ரோ போட்டதும் ஆகிவிட்டது.