கூண்டில் மாட்டிய சுண்டெலி: விடுவதா, கொல்வதா?

மேடவாக்கம் மீரா (காலை 6:50)

நான்கு நாளாகச் சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால் சத்தம். அரிசிப் பையின் மூலையில் ஓட்டை, மேடையில் சீரகம் மாதிரிப் புழுக்கை. கம்பிக் கூண்டு வாங்கி வந்து, தேங்காய்ச் சில்லை அடுப்பில் வாட்டி மாட்டி வைத்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ‘டப்’ என்று கதவு விழுந்தது. போய்ப் பார்த்தால் கட்டைவிரல் அளவு சுண்டெலி. முன்னங்கால் இரண்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. வயிறு துடிக்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்கச் சொல்கிறார் மாமியார். அவர் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்களாம். என்னால் முடியாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வண்டியில் போனால் பக்கம்தான். அங்கே கொண்டுபோய் விடலாமா?

மளிகை ராஜா (காலை 7:25)

கோபித்துக்கொள்ளாதீர்கள் மீரா. இருபத்திரண்டு வருடமாக மூட்டை அடுக்கி வியாபாரம் செய்கிறவன் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சுண்டெலிக்கு உலகமே பத்து மீட்டர்தான். சிலிண்டர், அரிசிப் பை, ஃப்ரிட்ஜின் அடி, அவ்வளவுதான். பழக்கமில்லாத இடத்தில் பகல் வெளிச்சத்தில் திறந்துவிட்டால் எங்கே ஒளிவது என்றுகூட அதற்குத் தெரியாது. காக்கை கொத்தும், பூனை பிடிக்கும். தப்பித்தால் முதலில் தெரிகிற வீட்டுக்குள் நுழையும். அந்த வீட்டில் இருப்பவர் விஷம் வைப்பார். அது சாவதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கடையில் ஸ்பிரிங் பொறி வைக்கிறேன். கழுத்தில் அடித்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். தண்ணீரில் அமுக்குவதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது நிமிடக்கணக்கில் தவிக்கும். ஆனால் கொல்லத்தான் வேண்டும். மூன்று வாரக் கர்ப்பம், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் ஈனத் தயார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்பரசன் (காலை 7:40)

ராஜா சார், ‘வெளியே விட்டாலும் செத்துவிடும், அதனால் நானே கொல்கிறேன்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே அதற்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. உங்கள் பொறியில் அதுகூட இல்லை. அது எப்போதும் கழுத்தில்தான் அடிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கால் மாட்டி, வால் மாட்டி, விடியும் வரை இழுத்துக்கொண்டு கிடந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

பசை அட்டை இன்னும் மோசம். போன வருடம் எங்கள் குடியிருப்பில் காவலாளி குப்பைத்தொட்டியில் போட்டிருந்த அட்டையில் ஒரு சுண்டெலி உயிரோடு ஒட்டியிருந்தது. கூடவே ஒரு பல்லி, ஒரு தவிட்டுக் குருவி. நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் நீவி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. குருவி பிழைக்கவில்லை. பசை அட்டை வேண்டாம் என்று இந்திய விலங்கு நல வாரியம் 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதியது, 2020-ல் மறுபடியும் எழுதியது. இங்கிலாந்தில் இதற்கென்றே 2022-ல் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் பாத்திரக் கடையில் இன்னும் தொங்குகிறது.

மீரா, நீங்கள் விடுங்கள். நல்ல மனதோடு செய்கிற காரியம்.

மன்னார்குடி விவசாயி (காலை 8:15)

விடுங்கள் என்று சொல்வது சுலபம். எங்கே என்று யாரும் சொல்லவில்லையே? ‘ஊருக்கு வெளியே வயல் பக்கம்’ என்றுதான் எல்லோரும் போகிறார்கள். அந்த வயல் என்னை மாதிரி ஒருவனுடையது.

சம்பாவில் கதிர் வருகிற நேரம் எலி இறங்கினால் தண்டை அடியில் சாய்வாகக் கத்தரித்துப் போடும். காலையில் போய் நின்றால் வயலுக்கு நடுவே வட்ட வட்டமாகத் தலை சாய்ந்து கிடக்கும். அது தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவதுதான் அதிகம். வரப்பைத் தோண்டினால் வளைக்குள் கதிர் கதிராக அடுக்கி வைத்திருக்கும். எங்கள் பக்கம் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறோம். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுகிற எலிப்பொறி அது. வரப்பை அகலமாக விட மாட்டோம், அகலமாக இருந்தால் வளை தோண்ட வசதி. ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடுவோம். இவ்வளவும் செய்து மிஞ்சியதைத்தான் அறுக்கிறோம். உங்கள் வீட்டில் பிடித்ததை என் வரப்பில் விடாதீர்கள்.

வி. ஆசிரியர் (காலை 8:50)

விலங்கியல் பாடம் எடுப்பவன். மன்னார்குடி நண்பரின் வேதனை நியாயமானது. ஆனால் அவர் வயலை அழிப்பது பெரும்பாலும் வரப்பில் வளை தோண்டும் பெரிய எலி. மீரா பிடித்திருப்பது இருபது கிராம்கூடத் தேறாத வீட்டுச் சுண்டெலி. மனிதன் இருக்கிற இடத்தை ஒட்டியே வாழ்ந்து பழகியது. வயலில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் எலிகளோடு அதனால் போட்டி போட முடியாது. அதனால் வயல் வேண்டாம். பள்ளிக்கரணையும் வேண்டாம். ராம்சார் பட்டியல் என்கிற, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் 2022-ல் சேர்த்த சதுப்பு நிலம் அது, தரையில் முட்டையிடும் பறவைகள் இருக்கிற இடம். வீட்டில் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமல்ல.

தூரம் போகப் போக நல்லது என்று நினைப்பதே தப்பு. முதலில் அது வந்த வழியைக் கண்டுபிடித்து அடையுங்கள். அப்புறம் அந்தி நேரத்தில், உங்கள் வளாகத்துக்குள்ளேயே சுவரோரம் புதரோ கல் அடுக்கோ இருக்கிற இடத்தில் திறந்துவிடுங்கள். அதற்குப் பழகின வாசனை, பழகின சுவர். உள்ளே வரத்தான் வழி இருக்காது.

அதற்கும் முன்னால் ஒன்று. கூண்டைக் கொஞ்சம் உயர்த்தி, அது கம்பியைப் பிடித்து நிற்கும்போது வயிற்றைப் பாருங்கள். முலைக்காம்புகள் புடைத்து, சுற்றி மயிர் உதிர்ந்திருந்தால் அது பால் கொடுக்கிற தாய். குட்டிகள் உங்கள் வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கின்றன. கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். தாயைத் தூரமாகக் கொண்டுபோய் விட்டீர்களானால் அவை ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

லேப் செல்வி (காலை 9:30)

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. விடுவதோ கொல்வதோ உங்கள் முடிவு. ஆனால் வெறும் கையால் தொடாதீர்கள் மீரா. எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் வரும், ஈரத்தில் பல நாள் உயிரோடு கிடக்கும், காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் போதும். புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்து எடுங்கள். கூண்டை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள். அடுத்த சில வாரத்தில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் வீட்டில் எலி இருந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

விஷம் மட்டும் யாரும் வைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தின்றவர்கள் வரும்போது வாந்தி எடுப்பார்கள், அப்புறம் ஓரிரு நாள் நன்றாகத்தான் பேசுவார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாகும், கல்லீரல் போகும். மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்த பிறகும் பழைய டியூப் பரணில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் போனது யாருக்கும் மறந்திருக்காது.

மளிகை ராஜா (காலை 10:05)

ஆசிரியர் சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி. மீரா இருப்பது முதல் மாடி. வளாகத்துக்குள் விட்டால் அது தரைத்தளத்து வீட்டுக்குள் போகும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? உங்கள் அரிசியைத் தின்றபோது தொல்லை, அவர்கள் அரிசியைத் தின்றால் கருணையா?

அன்பரசன் (காலை 10:20)

அந்தக் கேள்வி நியாயம்தான் சார். ஆனால் அதற்குப் பதில் கொல்வது இல்லை, அவர்களிடமும் பேசுவது. ஒரு கட்டடத்தில் ஒரு வீடு மட்டும் ஓட்டையை அடைத்துப் பயனில்லை. நீங்கள் இருபத்திரண்டு வருடமாகக் கொன்றும் கடைக்கு எலி வருவது நிற்கவில்லையே. மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகை போட்டு அடுக்கினால் பாதிப் பொறி வேண்டியிருக்காது.

மளிகை ராஜா (காலை 10:40)

பலகை போட்டுத்தான் அடுக்கியிருக்கிறேன் தம்பி. சுவரோடு இடைவெளி விட எட்டடிக்குப் பத்தடிக் கடையில் இடமில்லை. வாடகை கட்டுகிறவனுக்கு அந்த ஒரு அடியும் காசு. மனமில்லாமல் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை பொறியைத் திறந்து எடுக்கும்போதும் எனக்கும் கை கூசத்தான் செய்கிறது. ஒரு எலி வாய் வைத்த பருப்பை விற்க எனக்கு அதைவிடக் கூசுகிறது.

மேடவாக்கம் மீரா (பகல் 12:15)

ஆசிரியர் சார், வயிற்றைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. நல்லவேளை காலையிலேயே வண்டியை எடுக்கவில்லை.

சிலிண்டர், ஃப்ரிட்ஜ் அடி, மாவு டின் வரிசை எல்லாம் இழுத்துப் பார்த்தோம். கடைசியில் மாமியார்தான் கண்டுபிடித்தார். பரணில் பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டி. உள்ளே பஞ்சு, நைந்த துணி, என் பையனின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த காகிதம் எல்லாவற்றையும் மெல்லிசாக நார் நாராகக் கிழித்து உருண்டையாகச் செய்து வைத்திருக்கிறது. நடுவில் ஐந்து. இளஞ்சிவப்பாக, மயிரே இல்லாமல், நிலக்கடலைப் பருப்பு அளவில். தோலுக்குள் குடித்த பால் வெள்ளையாகத் தெரிகிறது.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “பெட்டியோட எறக்கு, ஆடாம” என்றார்.

சார், இப்போது என்ன செய்ய?

வி. ஆசிரியர் (பகல் 12:40)

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கூட்டைப் பிரிக்காமல், பெட்டியோடு மழையும் வெயிலும் படாத இடத்தில், சுவரை ஒட்டி வையுங்கள். பெட்டியின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழி வெட்டி, மேல் மூடியை ஒட்டிவிடுங்கள். கூண்டின் வாயை அந்த வழியோடு சேர்த்து வைத்துத் திறந்துவிட்டு விலகி வந்துவிடுங்கள். அந்தி வரை காத்திருக்க வேண்டாம், குட்டிகள் பசியோடு இருக்கும். பதற்றத்தில் தாய் குட்டிகளை விட்டுவிடுவதும், தின்றுவிடுவதுமே உண்டு. அதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. கூண்டுக்குள் ஒரு துண்டு தக்காளி போடுங்கள், ராத்திரியிலிருந்து அது தண்ணீர் பார்க்கவில்லை.

மன்னார்குடி விவசாயி (பகல் 1:30)

வளை தோண்டும்போது குட்டிகளை நானும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை. வயலுக்குக் கொண்டுவராததற்கு நன்றிம்மா. ஓட்டையை மட்டும் இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

மேடவாக்கம் மீரா (மூன்று நாள் கழித்து, இரவு 9:10)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அன்று மதியமே தண்ணீர்த் தொட்டி மோட்டார் மேடைக்கு அடியில் பெட்டியை வைத்தோம். கூண்டைத் திறந்ததும் ஓடிவிடும் என்று நினைத்தேன். அது பெட்டிக்குள் தலையை நீட்டி, பின்வாங்கி, மறுபடி நீட்டி, அப்புறம் உள்ளே போனது. மறுநாள் காலை பார்த்தபோது கூடு காலி. ரத்தம் இல்லை, ஒரு மயிர்கூட இல்லை. தாயே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பூனையாகவும் இருக்கலாம். முதலாவதாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ராஜா அண்ணா, கீழ் வீட்டு அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், ‘எங்ககிட்ட கேக்காம எப்படி விட்டீங்க’ என்றார். அவர் கேட்டது சரி. கேட்டுவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும். இரண்டு வீட்டு ஓட்டையையும் நானே செலவு செய்து அடைக்கிறேன் என்று சொல்லி வந்தேன்.

மளிகை ராஜா (இரவு 9:35)

அதைச் செய்தீர்களே, அது போதும். இருந்தாலும் என் கடையில் பொறி வைப்பதை நான் நிறுத்தப் போவதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஓட்டை அடைக்கிற விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். வெறும் சிமென்ட் பூசாதீர்கள், காய்வதற்குள் சுரண்டிவிடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உருட்டி முதலில் ஓட்டைக்குள் அமுக்குங்கள், அதன் மேல் சிமென்ட் அல்லது எம்-சீல். கழுவுதொட்டிக் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் பார்த்தீர்களா? பென்சில் நுழைகிற அளவு இருந்தாலே சுண்டெலிக்குப் போதும்.

மேடவாக்கம் மீரா (இரவு 10:20)

இப்போதுதான் பையனின் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தேன். கழுவுதொட்டி, சன்னல் கம்பி வலை, வாசல் கதவின் அடி மூன்றும் அடைத்தாகிவிட்டது. பால்கனியிலிருந்து கேஸ் டியூப் உள்ளே வருகிற துளையில் பென்சில் முழுசாகப் போய்விட்டது. கம்பி நார் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் கொத்தனார் வருகிறார், முதலில் கீழ் வீட்டுக்கு.