பொருள்: ‘டம்மி’க்குத் தமிழ் – படநூல் ஓவியர் கையேடு, அவசரம்

காரைக்குடி, ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பரிசு பெற்ற படநூல் ஓவியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பது பாடம். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். ஓவியர் வண்ணத்தைத் தொடுமுன் வெறுந்தாளை மடித்துத் தைத்து 32 பக்கத்தில் சின்னப் புத்தகம் ஒன்று செய்கிறார். கதையை வரிவரியாகக் கத்தரித்து ஒட்டுகிறார், பென்சிலில் ஆட்களைக் கிறுக்குகிறார், அப்புறம் புரட்டிப் பார்க்கிறார். பிள்ளையின் முகம் நடுமடிப்பில் விழுந்துவிட்டதா, தாளைத் திருப்பியதும் தெரியவேண்டியது முந்தியே தெரிந்துவிட்டதா என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். இதற்குத் தமிழில் என்ன?

தேவகோட்டை, அச்சகம்:
ஆச்சி, எங்களுக்கு அப்பா காலத்திலிருந்தே இது டம்மிதான். பைண்டர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். 32 ஏன் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். பெரிய தாளில் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். இரண்டு பாரம் 32. கதை அதற்குள் அடங்கியாக வேண்டும்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
டம்மி என்றால் நம் பிள்ளைகளுக்கு டம்மி வேட்பாளர்தான் நினைவுக்கு வருவார். ‘நூற்போலி’ என்று வையுங்கள். போலி, ‘போல்’ என்னும் அடியில் பிறந்த சொல். ‘மகர இறுதி அஃறிணைப் பெயரின் னகரமோடு உறழா நடப்பன உளவே’ என்று நன்னூலார் சொல்ல, நிலம் நிலன் ஆகிறது. அங்கே யார் யாரை ஏமாற்றினார்கள்? இல்முன் முன்றில் ஆனதும் இலக்கணப் போலிதான். ஒன்றின் இடத்தில் ஒன்று நின்று அதன் வேலையைச் செய்வதே போலி. நல்ல சொல்லை நாம்தான் கெடுத்து வைத்திருக்கிறோம்.

காரைக்குடி, ஆசிரியை:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று நாளிதழில் படிக்கிறவர்கள் நூற்போலியைத் திருட்டுப் பதிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ராயவரம்:
குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், அந்த உரிமையில் ஒரு சொல்: ‘வெள்ளோட்ட நூல்’. சுவாமி ஏறுமுன் புதுத் தேரை ஓட்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதுதான் இது. அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ படநூல் 1963இல் வந்து, மறு ஆண்டு அங்கே படநூல் ஓவியத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் பெற்றது. முதல் பக்கங்களில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. போகப் போகப் படம் வளர்ந்து எழுத்தை ஓரம் தள்ளுகிறது. நடுவே மூன்று முழு விரிப்புகளில், அதாவது எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் படமே நிரப்பும் இடங்களில், ஒரு சொல்கூடக் கிடையாது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சொல் மட்டும். இந்த ஏற்ற இறக்கம் மேசையில் பரப்பிய தனித்தாள்களில் தெரியாது. கையில் பிடித்துத் திருப்பினால்தான் தெரியும். ஓடவேண்டும், அதனால் ஓட்டம்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அருமை. ஆனால் ‘வெள்’ அங்கே வெண்ணிறம் அல்ல, வெறுமை. எழுதாத ஓலை வெள்ளோலை. ‘வெண்மை எனப்படுவது யாதெனின்’ என்று வள்ளுவர் கேட்பதும் அறிவின் வெறுமையைத்தான். அப்படியானால் ‘வெள்ளேடு’ இன்னும் சுருக்கம்.

தேவகோட்டை, அச்சகம்:
வெள்ளேடு என்றால் எழுதாத நோட்டு, ஐயா. இதில் எழுத்தும் உண்டு, கிறுக்கலும் உண்டு.

கானாடுகாத்தான், ஓவிய ஆசிரியர்:
‘மாதிரி நூல்’ போதும் என்பது என் கட்சி. எல்லாருக்கும் புரியும். இன்னொன்று, கையேட்டில் அமெரிக்க நூல்கள் மட்டும் வேண்டாம். சென்னை தாரா புக்ஸின் ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2008இல் சிறுவர் நூல்களுக்கான இத்தாலியின் பொலோனியா ரகாஸி பரிசு பெற்றது. கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்தது. கையால் செய்த கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங், ஒவ்வொரு வண்ணமாகக் கையால் இழுத்தது. எந்த வண்ணத்தின்மேல் எது விழவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். அதையும் பிள்ளைகள் அறியட்டும்.

ராயவரம்:
அண்ணன், தாராவைச் சேர்ப்பது மிக நல்லது. மாதிரிதான் எனக்கு இடிக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வாங்கப் போனால் காட்டுவார்களே, அது மாதிரி: முடிந்த சரக்கு, அதைப்போல வேண்டுமென்று கேட்போம். ஓவியர் செய்வது கிழித்து மறுபடி ஒட்டுவதற்கு. ஆசிரியர் ‘மாதிரி’ என்று சொன்ன மறுகணம் பிள்ளைகள் அழகாக முடிக்கப் பார்ப்பார்கள், திருத்தப் பயப்படுவார்கள்.

காரைக்குடி, ஆசிரியை:
உங்கள் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வடிவமைப்பாளர் இன்று மாலைக்குள் கேட்கிறார், மாதிரிதான் எல்லாருக்கும் உடனே புரியும். தலைப்பில் மாதிரி நூல், அடைப்புக்குள் டம்மி. ‘கிழித்து ஒட்டலாம், திருத்துவதற்காகவே செய்வது’ என்ற வரியைப் பயிற்சியின் முதல் படியாகச் சேர்க்கிறேன்.

ராயவரம்:
சேருங்கள். என் வாக்கு வெள்ளோட்டத்துக்கே, என் வகுப்பில் அதைத்தான் சொல்வேன். தாள் திருப்பத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அது இன்னும் பெரிய வழக்கு.